பேச்சியக்கா மாடியில் நியூசிலாந்து

புதூர் சாலையோரம் காயப்போட்டிருந்த மிளகாயின் நெடி நேற்று பேருந்துக்குள் வந்தது. எல்லோருக்கும் தும்மல் வந்தது. எனக்கு வானொலி ஞாபகமும் சேர்ந்து வந்தது.

கோவில்பட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேச உதவும் அமெச்சூர் வானொலிக்கு உரிமம் வாங்கியிருந்தேன். கூடவே கொஞ்சம் தலைக்கனமும். வாடகை வீட்டு மாடியில் ஒரு நீளக் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டி, இரைச்சலுக்கு நடுவே யாராவது முனகினால் அதுதான் வானொலி என்று இருந்தேன். உரிமம் பெற்ற மற்றவர்கள் கையடக்கக் கருவியில் பேசுவார்கள். ஊருக்குள் நண்பர் ஒருவர் வைத்திருந்த நிலையம் அந்தக் குரலைப் பிடித்து, இணையம் வழியாகக் கடல் கடத்தி, அங்குள்ள வானொலியில் இறக்கிவிடும். "மாறுவேடம் போட்ட டெலிபோன்" என்று கேலி செய்தேன். கேலி செய்வதற்காகவே அந்தக் கருவியில் ஒன்றையும் வாங்கிவைத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு மதியம் வீட்டுச் சொந்தக்காரர் பேச்சியக்கா மிளகாய்ச் சாக்கோடு மாடியேறினார்.

"ஏட்டி, இந்தக் கம்பிய அவுக்கப் போறியா, நான் அருவாள எடுக்கட்டா? வத்தல எங்கன காயப்போட?"

கம்பி போனால் நான் வெறும் டெலிபோன்காரி. அது ஏன் வேண்டும் என்று வரிசையாகக் காரணங்களை அடுக்கினேன். நான்காவதில்தான் கவனித்தேன், அக்குளில் இடுக்கியிருந்த கருவியின் பேசும் பொத்தான் அமுங்கியே இருந்தது. எங்கள் சண்டை முழுவதும் உலகத்துக்குப் போயிருக்கிறது. கையை எடுத்ததும் ஒரு ஆண்குரல் வந்தது.

"நியூசிலாந்துலேருந்து பேசுதேன். சொந்த ஊரு புதியம்புத்தூர். அந்த அக்காவ இன்னுங் கொஞ்சம் ஏசச் சொல்லுங்க. இந்தப் பேச்சக் கேட்டு வருசமாச்சு."

உரிமம் இல்லாதவர் வானொலியில் பேசக் கூடாது. ஆகவே பேச்சியக்கா சொல்லச் சொல்ல, என்னை நானே ஏசி ஒலிபரப்பினேன். சட்டப்படி இதுவும் சரியா என்று தேடிப் பார்க்கவில்லை.

"இவரு இந்தக் கம்பி வழியாவா பேசுதாரு?"

"இல்லக்கா. இன்டர்நெட் வழியா."

"பின்ன கம்பி என்னத்துக்குட்டி?"

ஐந்தாவது காரணத்தைத் தேடாமல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். அன்றே கம்பி இறங்கியது, மிளகாய் ஏறியது.

அதன்பின் பல மதியங்களில் அந்தக் குரல் வந்தது. வத்தலைக் கிளறிக்கொண்டே அக்கா மழையையும் வெள்ளாட்டையும் பற்றிச் சொல்வார்; நான் ஒப்பிப்பேன்.

இப்போது அந்த நிலையம் இல்லை. நண்பர் ஊர் மாறிவிட்டார். பேச்சியக்காவும் நியூசிலாந்துக்காரரும் நான் இல்லாமலே செல்பேசியில் பேசிக்கொள்கிறார்கள். வானொலியில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்க மாட்டார். கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது உள்ளே வரட்டும் என்று சற்று மௌனம் விடுவோம். பழக்கதோஷத்தில் செல்பேசியிலும் விடுகிறேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்கிறார்கள் எதிர்முனையில்.