டெய்லரம்மாவின் உள்ளங்கால்

துண்டுத் துணிகளைக் கூட்டித் தள்ளிவிட்டு டெய்லரம்மா தரையெங்கும் ஒரு கோலை ஓட்டுகிறார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் அதன் நுனியில் கட்டியிருக்கிறது. மிஷினுக்கு அடியில், கட்டிலோரம், கதவிடுக்கு. குண்டூசிகள் டிக் டிக்கென்று வந்து ஒட்டுகின்றன. "வாங்கடா, ஒருத்தன் பாக்கியில்லாம வாங்க."

விளையாட்டில்லை. சர்க்கரை நோயில் அவர் பாதங்கள் மரத்துப்போய்விட்டன. ஊசி ஏறினாலும் தெரியாது. அப்படி ஏறிய ஒன்றுதான் இடது சுண்டுவிரலைக் கொண்டுபோனது. "ஒண்ணு குடுத்தாச்சு. இனிமே நகம்கூடக் கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார், யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர் செருப்புப் போட்டுக்கொண்டு தைக்கலாமே? மாட்டார். "செருப்போட மிதிச்சா மிஷின் என் பேச்சக் கேக்காது." மரத்த காலுக்கு அது எப்படித் தெரியும் என்று பக்கத்து வீட்டிலிருக்கும் நான் ஒருநாள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊரடங்கில் கடையை மூடி மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முகக்கவசமாகத் தைத்துக் குவித்தார். ஆஸ்பத்திரியில் பாதம் பார்க்கும் பிரிவு கொரோனா வார்டாகிவிட்டது. "இப்ப புண்ணுன்னு போய் நின்னா, கொரோனாவையும் சேத்துக் கட்டி அனுப்புவாங்க." ஆகவே தினமும் சாயங்காலம் கணவர்தான் அவர் காலை மடியில் வைத்துப் பார்த்தார். டெய்லரம்மாவுக்கே கிட்டத்துப் பார்வை மங்கல். நூல் கோப்பதெல்லாம் விரல் பழக்கம்.

பட்ட காலிலே படும் என்பது சரிதான். கணவருக்குத் தொற்று வந்து தனியறையில் அடைபட்டார். அதன் பிறகு போன் கேமராவுக்கு முன்னால் கால் தூக்கினார் டெய்லரம்மா. "குதிகால்ல கருப்பா இருக்கே" என்று கணவர் இருமலுக்கிடையே சொன்னதும், ஈரத்துணியால் துடைத்து மறுபடி காட்டினார். வெறும் நூல் துணுக்கு.

நேற்று முன்தினம் கணவர் போனை எடுக்கவில்லை. அறை வாசலில் வைத்த சாப்பாட்டுத் தட்டும் அப்படியே இருந்தது. ஆக்சிஜன் அளவு சரியாகத்தான் இருக்கிறது, எழுந்து உட்காரவும் சாப்பிடவும் வேண்டும் என்று டாக்டர் போனில் சொல்லியும், மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எட்ட நின்றபடியே, "காலை வேணும்னா நான் பாக்கட்டுமா அக்கா?" என்றேன்.

"நீங்க பயந்தாங்கொள்ளி. இல்லாததையும் இருக்குன்னுவீங்க" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "எனக்காக எந்திரிக்க மாட்டாரு. என் காலுக்காக எந்திரிப்பாரு, பாருங்க."

தாழ்வாரத்தில், அந்த அறையின் மூடிய ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வலது உள்ளங்காலைக் கண்ணாடியில் பதித்தார். "ஏங்க! கால் பாக்கணும்!"

வெகுநேரம் ஒன்றுமில்லை. கால் நடுங்கியது, தொடையைக் கையால் தாங்கிக்கொண்டார், இறக்கவில்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றார் மனிதர். கண்ணாடிக்கு உட்புறம் அவர் விரல், பெருவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் குதிகால்வரை இறங்கியது. ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினார்.

டெய்லரம்மா கண்ணாடியைத் தட்டினார். வலது காலை இறக்கி, இடது காலைத் தூக்கி வைத்தார்.