ஜியாவுதீன் வாசலில் வைத்த கம்ப்யூட்டர்

ஜியாவுதீன் பிற்பகல் அஸர் தொழுகை முடித்து வந்து கடையில் கம்ப்யூட்டரைப் போட்டு விளையாட்டைத் திறந்ததும் திரையில் அந்த வரி நின்றது. ஏமாற்று வேலை கண்டறியப்பட்டதால் அவருடைய விளையாட்டுக் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டதாம். கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். அந்தத் திரையில் செய்வதற்கு அதை விட்டால் வேறொன்றும் இல்லை. அவர் அதை அழுத்தவில்லை. பிளக்கைப் பிடுங்கினார்.

காஞ்சிபுரம் ஒலி முகமது பேட்டையில் அவருக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. நாற்பதைத் தாண்டிய ஆள். படிக்கும் காலத்தில் யாரோ கொடுத்த ஒரு சிடியில், கம்ப்யூட்டரையே இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் அவரிடம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு தன் கம்ப்யூட்டரில் அவர் வேறெதையும் ஏற்றியதில்லை. அதன் நிரல் முழுவதையும் எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அவரைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் வீடு கட்டினார்கள், வெளிநாடு போனார்கள். இவர் லினக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத முடியாது. பழுதுக்கு வந்த லேப்டாப்புகளில் உரியவரைக் கேட்காமலே லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த காலம் உண்டு. காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில், முகூர்த்தக் கூட்டம் நிற்கும்போது பில் போடும் மென்பொருள் லினக்ஸில் திறக்காமல் போய், முதலாளி நேரில் வந்து கத்திவிட்டுப் போனார். உங்கள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அவரிடமே இவர் திருப்பிக் கத்தினார். கேட்காதவன் தலையில் கட்டிய விடுதலை எப்படி விடுதலையாகும் என்ற கேள்வி அவருக்குத் தோன்றச் சில வருடங்கள் பிடித்தன. தோன்றிய பிறகும் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

புது விளையாட்டுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் அவர் கோபப்பட்டார். பாதி வெந்ததை விற்றுவிட்டு மீதியை அப்டேட்டில் அனுப்புகிறான் என்பார். விலை கொடுத்து வாங்கினாலும் பொருள் நம்முடையதல்ல, அவன் சர்வரை மூடினால் அன்றோடு சரி என்பார். புதிய கிராபிக்ஸ் கார்டுகள் காட்சியில் பாதியை வரைவதே இல்லை, செயற்கை நுண்ணறிவு ஊகித்து இடையில் செருகுகிறது என்று படித்த நாளில் டீக்கடை வெங்கடேசனிடம் போய், "நான் சுட்டது அங்க இருந்த ஆளையா, இருப்பான்னு அது நெனச்சுக்கின ஆளையா?" என்று கேட்டார். வெங்கடேசன் டீயை நீட்டினார். ஆனால் விளையாட்டுகளை அவர் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் இந்தக் கோபத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொன்றையும் எப்படியாவது லினக்ஸில் ஓடவைத்து, மாலையில் ஆடித் தீர்த்துவிடுவார்.

அப்படி ஆடியவற்றில் ஒன்று, ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் விளையாட்டு. அணித்தலைவர் ஜோசுவா. ஐயம்பேட்டைக்காரர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஜியாவுதீனைவிடச் சில வயதுதான் சிறியவர். லினக்ஸை அவர் எப்போதும் கிண்டல் செய்வார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நேராகக் கடைக்கு வந்து ஜியாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது அவருக்குப் பல வருடப் பழக்கம். அந்த அணி மாவட்ட அளவில் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. வாலாஜாபாத் கல்யாண மண்டபம் ஒன்றில், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போட்டி.

அதற்குள் விளையாட்டுக் கம்பெனி, கள்ள ஆட்டத்தைப் பிடிக்க ஒரு புதிய காவல் நிரலைக் கொண்டுவந்தது. ஆடுகிறவருடைய கம்ப்யூட்டரின் அடி ஆழத்தில் உட்கார்ந்து, அவர் வேறு என்னவெல்லாம் ஓட்டுகிறார் என்று பார்க்கும் நிரல். தனக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட மறுக்கிற ஒன்று, என்னைச் சோதிக்க வருகிறதே என்று ஜியாவுதீன் கொதித்தார். ஆனாலும் விளையாட்டு லினக்ஸில் ஓடியது, ஆடினார். எப்போதும் செய்வதுபோல, அதை எப்படி ஓடவைத்தார் என்பதைப் படிப்படியாகத் தன் இணையப் பக்கத்தில் எழுதினார். தன் பெயர், கடை முகவரி, விளையாட்டில் தன் கணக்கின் பெயர் எல்லாவற்றையும் கீழே போட்டார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் முகவரி போடுவான் என்பது அவர் எண்ணம்.

முடக்கத்தை எதிர்த்து எழுதியதற்கு ஒரே நாளில் பதில் வந்தது. அவர் தன் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ததை அவரே வெளியிட்டிருக்கிறார், முடிவு மாறாது என்றிருந்தது. ஒப்புதல் வாக்குமூலமாக அவருடைய பக்கத்தையே இணைத்திருந்தார்கள்.

முடக்கப்பட்ட பெயர்களை அந்த விளையாட்டில் எல்லோரும் பார்க்கலாம். எதிரணியில் ஒருவன் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். மறுநாள் டீக்கடையில் வெங்கடேசன், "இன்னா பாய், கள்ள ஆட்டமாமே?" என்று சிரித்தார். அது சும்மா கேட்டது. ஜியாவுதீனுக்கு வலித்தது வேறு இடத்தில். ஜோசுவா போன் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்தபோது ஜோசுவா வந்து நின்றார். உட்காரவில்லை.

"பாய், ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. ஜெயிக்கிறதுக்கு எதனா போட்டீங்களா?"

"இத்தினி வருசமா என் பக்கத்துல உக்காந்துக்கினு ஆடுற. நீ கேக்குற?"

"டீம்ல கேக்குறாங்க."

"டீமுக்கு யாருடா கேப்டன்?"

ஜியாவுதீன் கம்ப்யூட்டரைத் திருப்பித் தன் பக்கத்தைக் காட்டினார். நிரலைத் திறந்தார். இதோ இந்த வரி, இதோ அந்த வரி என்று விரலால் தட்டிக்கொண்டே போனார். ஜோசுவா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த எழுத்து எனக்குப் புரியல பாய். நீங்க சொன்னா நம்பணும், கம்பெனிக்காரன் சொன்னாலும் நம்பணும். என்னாண்ட பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் போன பிறகு ஜியாவுதீன் அன்று வந்த வேலை எதையும் தொடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி கௌசரிடம் கத்தினார். கம்பெனியைத் திட்டினார், ஜோசுவாவைத் திட்டினார், படிக்கத் தெரியாத ஊரைத் திட்டினார்.

கௌசர் ஜரிகைக் கடை நடத்துகிறவர். அவருடைய தகப்பனார் கடை அது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விற்ற ஜரிகை பொய் என்று யாராவது சொன்னால் வாக்குவாதம் செய்வதில்லை. அதே ஜரிகையைக் கடை வாசலில் தொங்கவிட்டு, கீழே உரைகல்லை வைத்துவிடுவார்கள். போகிற வருகிறவர் யாரும் உரசிப் பார்க்கலாம், கீறி உள்ளே அசல் ஜரிகைக்குரிய சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்க்கலாம். கீறிய ஜரிகை பிறகு விற்பனைக்கு ஆகாது. அந்த நஷ்டம் கடையுடையது.

"உள்ள உக்காந்து கத்தினா யாருக்குத் தெரியும்? எங்க அத்தா இருந்தா வாசல்ல தூக்கி வெச்சிருப்பாரு" என்றார் கௌசர். அவருக்கும் கோபம்தான். வீட்டுக்காரரைக் கள்ளன் என்று ஊர் சொன்னால் ஜரிகைக் கடையில் நாளைக்கு யார் கல்லைக் கேட்காமல் வாங்குவார்கள் என்ற கோபம்.

சனிக்கிழமை காலை ஜியாவுதீன் ஒரு மேசையைக் கடை வாசலில் போட்டுத் தன் கம்ப்யூட்டரை அதன்மேல் வைத்தார். ஆடிய ஆட்டங்களின் பதிவுகள், செய்த மாற்றங்கள், நிரல், எல்லாம் திறந்திருந்தன. ஏமாற்று என்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினார்.

வந்தார்கள். ஒருவர் ஆதார் பிரிண்ட் எடுக்க முடியுமா என்று கேட்டார். ஓர் அம்மா போனைச் சார்ஜ் போடச் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். வெங்கடேசன் நின்று ஓர் ஆட்டப் பதிவைப் பார்த்துவிட்டு, இதில் கிரிக்கெட் வருமா என்றார். சாயங்காலம் வரை நிரலை ஒரு வரிகூட யாரும் படிக்கவில்லை.

ஜரிகையைச் சோதிக்கக் கல்லும் கண்ணும் போதும். நிரல் அப்படிப்பட்டது அல்ல. திறந்து வைத்திருக்கிறேன் என்று ஒருவன் ஆயுள் முழுக்கச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவன் முன்னால் அதுவும் ஒரு மூடிய கதவுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு இதை அவர் இத்தனை வருடம் யோசிக்காமல் இருந்தது ஆச்சரியம். மற்றவர்கள் மூடி வைத்திருப்பதில் அவ்வளவு கோபமாக இருந்தார், தான் திறந்ததை யார் எட்டிப் பார்த்தார்கள் என்று கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து ஜோசுவா தன் லேப்டாப்புடன் வந்தார். வாசல் மேசையில் அதையும் வைத்தார்.

"உங்க லினக்ஸை இதுல ஏத்தப் போறேன். உங்க பேஜ்ல இருக்கிறபடி நானே பண்றேன். நீங்க கீபோர்டைத் தொடக் கூடாது."

"ஏத்தி?"

"என் அக்கவுண்ட்ல ஆடப் போறேன்."

ஜியாவுதீனுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும், உன் கணக்கையும் முடக்கிவிடுவான், வேண்டாம் என்றார். நான் இல்லாவிட்டாலும் நாலு பேராவது ஆடலாம், ஞாயிற்றுக்கிழமை போட்டியை வைத்துக்கொண்டு பைத்தியக்காரத்தனம் செய்யாதே என்றார். ஜோசுவா அதற்குள் முதல் படியைத் தொடங்கியிருந்தார். ஜியாவுதீன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். தப்பான இடத்தில் சொடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார்.

"பாய், இத மனுசன் படிக்கிறதுக்கா எழுதினீங்க?" என்றார் ஜோசுவா, மூன்றாவது படியில் மாட்டிக்கொண்டு.

அன்றிரவு வீட்டில் ஜியாவுதீன் அந்தப் படியைத் திருத்தி எழுதினார் என்று கௌசர் பிறகு சொன்னார்.

அந்த வாரம் மாலை நேரங்களில் ஜோசுவா வாசலில் உட்கார்ந்து ஆடினார். கம்பெனி சொன்ன 'மாற்றங்கள்' அத்தனையும் அந்த லேப்டாப்பில் இருந்தன. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. புதிய அமைப்பு கைக்குப் பழகாமல் அவர் சுற்றுக்குச் சுற்று சுடப்பட்டு விழுந்தார். வெங்கடேசன் டீ டம்ளருடன் வந்து நின்று, "கள்ள ஆட்டம் ஆடுறவன் இவ்ளோ கேவலமாவா ஆடுவான்?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோசுவாவும் சிரித்தார். ஜியாவுதீன் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும், போதும் எழுந்திரு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஜோசுவா லேப்டாப்பைத் திறந்ததும் அந்த வரி வந்தது. ஏமாற்று வேலை கண்டறியப்பட்டதால் நிரந்தரமாக முடக்கப்பட்டது. அந்த வாரம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காதவருக்கு.

"அறிவு இருக்குதாடா உனக்கு?" ஜியாவுதீன் குரல் தெருமுனை வரை போனது. "ஃபைனல் போச்சு. மத்தவனுங்களுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"திட்டுவானுங்க. திங்கக்கெழமையிலேர்ந்தே திட்டிக்கினுதான் இருக்கானுங்க." ஜோசுவா திரையைப் பார்த்தபடி இருந்தார். "இப்ப எனக்குத் தெரியும் பாய். நம்புறேன்னு சொல்லல. தெரியும்."

ஜியாவுதீன் இன்னும் திட்டினார். கம்பெனியையா ஜோசுவாவையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி திட்டினார். நடுவில் ஜோசுவாவின் விரல் 'சரி' பொத்தானை நோக்கிப் போனது. ஜியாவுதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத அழுத்தாத. அப்படியே இருக்கட்டும்."

கௌசர் தன் கடையிலிருந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்து, அந்த வரியைத் தமிழில் பெரிதாக எழுதி, அடியில் ஆடியவர் ஜோசுவா என்று சேர்த்து, திரும்ப மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் போட்டி நடந்தது. அந்த நேரத்தில் பேட்டையில் கடை வாசலில் இரண்டு கம்ப்யூட்டர்கள் அருகருகே ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தன. அணியில் மீதியிருந்த மூவரும் வந்து, ஜோசுவாவிடம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அங்கேயே டீ குடித்தார்கள். கம்பெனியிடமிருந்து எதுவும் வரவில்லை. ஜியாவுதீன் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கோபமாக விளக்கிக்கொண்டிருந்தார். இந்த முறை அவர்கள் படிப்பதற்கு ஒரு வரிதான் இருந்தது. படித்தார்கள். ஜோசுவாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஆடியதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.