சுகமா இரிங்க

"…எழுதிவெச்சிப் படிக்கிறதுக்கு நான் என்ன ரேடியோவில செய்தியா வாசிக்கப் போறன்? வாய்க்கு வாறதக் கதைச்சா மனுசனுக்கு விளங்காதா?" என்றார் சாச்சி.

பேசப்போவதைக் கொஞ்சம் யோசித்துக்கொள் என்று உம்மா சொன்னதற்குத்தான் இந்தப் பதில். கல்முனைச் சந்தையில் மீன்காரரையே பேசிக் களைக்கவைக்கும் தங்கைக்கு அப்படிச் சொன்னது உம்மாவின் பிழைதான்.

சவூதியில் இருந்த சாச்சா கேசட் ஒன்றில் பேசி அனுப்பியிருந்தார். வேலை ஒப்பந்தம் முடிகிறதாம். "நான் வரவா, இன்னும் ரெண்டு வருசம் இரிக்கவா? உன்ட வாயால சொல்லு" என்று கேட்டிருந்தார். பதிலை எடுத்துப்போகும் பாலமுனைக்காரர், நாளை வருவதாகச் சொன்னவர், இன்றே வேனோடு வாசலில் வந்து நின்றார்.

அறைக்குள் தனியாக இருந்து பேசலாம் என்று சாச்சி நினைத்திருக்க வேண்டும். மூத்தாப்பாவோ, அதாவது சாச்சியின் வாப்பா, குரல் பதியும் கேசட் பெட்டிக்குப் பக்கத்திலேயே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சுவர் பூசாமக் கிடக்கெண்டும் சொல்லு மகள்" என்றார். மாமாமார் சலாம் சொல்லிச் சுகம் விசாரித்துவிட்டுப் பெட்டியைச் சாச்சியின் பக்கம் திருப்பினார்கள்.

"இஞ்சேருங்க" என்றார் சாச்சி. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. வாப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு புருஷனை வா என்று கூப்பிட எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? வெளியே வேன்காரன் ஹோன் அடித்தான்.

"நாங்க எல்லாரும் சுகம். ஒண்டுக்கும் யோசிக்காம நீங்களும் சுகமா இரிங்க."

எல்லோரும் கடிதத்தில் எழுதும் வார்த்தைதான். வரவா, இரிக்கவா என்று கேட்டிருந்தவரின் காதில் அது எப்படி விழும்?

"இரிக்கச் சொல்லிட்டா, கெட்டிக்காரி" என்று மூத்தாப்பா கேசட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார். சாச்சி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

சாச்சா இருந்துவிட்டார். சுவரெல்லாம் அழகாகப் பூசி முடிந்தது. அவர் வந்து இறங்கியபோது, அவருடைய மகன் அவரை "மாமா" என்று கூப்பிட்டான்.

கேசட் கொடுத்தனுப்பிய அன்றைக்கு, எல்லோரும் வேனை அனுப்ப வாசலுக்குப் போனதும், சாச்சி பெட்டிக்கு முன்னால் குந்தினார்.

"உள்ளுக்கு கேசட் இல்ல சாச்சி" என்றேன். எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

"ஓம், தெரியும்" என்றவர், முக்காட்டை இழுத்துவிட்டு, வெறும் பெட்டிக்குக் கிட்ட வாயை வைத்து, மெல்லிய குரலில், நிறுத்தாமல் பேசத் தொடங்கினார்.