ஓரத்து வெளிச்சம் படுத்திய பாடு

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் உலகம் தலைகீழாகத் தெரியும்; அதைப் பார்த்துப் பிழைப்பவன்தான் போட்டோக்காரன். யுத்த காலத்தில் அந்தத் துணிக்குள் வேர்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஆவிக் கல்யாணம்

அருப்புக்கோட்டையில் கடை போட்டபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய கேமரா. லென்சு, நடுவில் புடைத்த ஒரே பெரிய கண்ணாடி. அதில் எடுத்தால் வேட்டி வெள்ளை கரைந்து முகத்தில் ஏறும். ஆளைச் சுற்றிப் பால் சிந்தியதுபோல் ஒரு ஒளி நிற்கும். எனக்கு அது கனவு மாதிரி அழகாகத்தான் பட்டது. பாலவனத்தத்தில் எடுத்த கல்யாணப் படத்தைப் பெண்ணின் தகப்பனார் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, பொண்ணும் மாப்பிள்ளையும் இட்லிச் சட்டி ஆவிக்குள்ளயா நிக்காக?"

ஒரே ஸ்டாப்பு

லென்சைக் கழற்றி வெயிலில் காட்டினேன். கீழே காகிதத்தில் விழுந்த வெளிச்சப் புள்ளியைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம். நடுவை மறைத்து ஓரத்தை மட்டும் திறந்தால், காகிதத்தை லென்சுக்குக் கிட்டே கொண்டுவந்தால்தான் புள்ளி கூர்மையாகக் கூடியது. ஓரத்தை மறைத்தால் தள்ளிப் போக வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் இப்ராகிம், வீரசோழன்காரர், என் வயசு, கத்தரியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தை மறைக்க, நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டை ஒன்றை வெட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

"ஏலே, ஓரத்துல வாரவன் முந்தியே எறங்கிடுறான், நடுவுல வாரவன் பிந்தி எறங்குறான். எல்லாரும் ஒரே ஸ்டாப்புல எறங்குனாத்தானலே படம்!"

ஆறு எண்ணும்வரை

அட்டையை மாட்டியதும் படம் துல்லியமாக விழுந்தது. ஆனால் ஓட்டை வழியே வரும் வெளிச்சம் கொஞ்சம்தான். ஒன்று எண்ணிய இடத்தில் ஆறு எண்ண வேண்டும். அதுவரை ஆள் அசையக் கூடாது.

திருச்சுழியிலிருந்து ஞானம்மாள் பஸ்ஸில் வந்தாள், இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை. புருஷன் பட்டாளத்தில், பிள்ளை முகத்தையே பார்த்ததில்லை. "முகம் தெளிவா விழணும்ணே. அவுக திரும்பி வாராகளோ, என்னமோ" என்றாள். பிள்ளையோ நிற்காமல் துள்ளினான். யுத்தத் தட்டுப்பாட்டில் என் கையில் மிச்சம், படம் பதியும் கண்ணாடி பிளேட்டு ஒன்றே ஒன்று.

காத்திருந்தோம். உச்சி வெயில் வெள்ளைத் திரைத்துணியில் வடிந்து இறங்கியது. தெருவில் தறிச் சத்தம் தாலாட்டாகிப் பிள்ளை மடியில் தூங்கிப்போனான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் லென்சு மூடியைக் கழற்றி ஆறு எண்ணினேன். படத்தில் இமை மயிர்கூட விழுந்திருந்தது; அதைப் பட்டாளத்துக்குத் தபாலில் அனுப்பினாள். சில மாதம் கழித்து, புருஷன் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து, சிரிப்பும் கண்ணீருமாகப் படித்துக் காட்டினாள்.

"பிள்ளை கண்ணைக் காட்டவே இல்லையே, அது உன் கண்ணா, எங்க அய்யா கண்ணா?"

முழித்த பிள்ளை

மதுரையில் தேடிப் பிடித்து வேறு லென்சு வாங்கினேன். புடைத்த கண்ணாடியோடு ஒரு குழிவுக் கண்ணாடியை ஒட்டியிருந்தார்கள். முன்னது ஓரத்து வெளிச்சத்தை அதிகமாக மடக்கினால் பின்னது விரித்துவிடும். அட்டை வேண்டாம், ஒன்று எண்ணினால் போதும். ஞானம்மாள் மகன் கண்ணை அகலத் திறந்து சிரித்த படம் அப்படித்தான் கடல் தாண்டிப் போனது.

யுத்தம் முடிந்து ஒரு நாள், சட்டைப்பையில் அந்தப் படத்தோடு புருஷனே ஞானம்மாளையும் மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். பையன் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு வீறிட்டான்.

"எங்க அய்யா கண்ணுதாண்ணே, ஆனா படத்துல சிரிச்ச பய என்னையக் கண்டா அழுறானே!"

லென்சின் குற்றத்தை ஒருவழியாகத் தீர்த்துவிட்டேன், ஆனால் தகப்பன் மடியில் உட்காரவைத்து அன்று எடுத்த படத்தில், திமிறித் துள்ளிய அந்தப் பையனுக்கு நாலு கை விழுந்ததற்கு எந்தக் கண்ணாடியும் என்ன செய்யும்?