இந்த நாட்டுக்கு வராத மந்திரி

நியூசிலாந்தின் மனுரேவாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவுக்கு ஓர் ஆங்கிலேய மந்திரியின் பெயர். ஒன்பது வயது வரை நான் அதை அந்தத் தெருவில் முன்பு குடியிருந்த யாரோ ஒருவரின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அந்த வருடம் டீச்சர் ஒரு வேலை தந்தார். அவரவர் தெருவுக்குப் பெயர் தந்தவரைப் போல உடுத்திக்கொண்டு வந்து, 'நான்' என்று தொடங்கி அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். முடிவில் மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பின்னேரங்களில் வீட்டில் இருந்தது அம்மாவின் தம்பி, என் மாமா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டு, அது ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டு விசாரணைக்காகக் காத்திருந்தார். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா ஃபோனில் யாரிடமோ சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறேன். இப்போது நினைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று அதைவிட என் பேச்சுத்தான் எனக்குப் பெரிய கவலை.

நூலகப் புத்தகத்திலிருந்து நான் வாசித்துச் சொல்லச் சொல்ல மாமா கேட்டார். மந்திரி பணக்கார வீட்டுப் பிள்ளை. மூன்று தேர்தல்களில் தோற்று, நாலாவதில் வென்று பாராளுமன்றம் போனார். மந்திரியாகி, பதவி பறிபோய், மறுபடியும் மந்திரியானார். கடல் கடந்த நாடுகளில் யார் யார் போய்க் குடியேறலாம் என்று லண்டனில் இருந்தபடியே கையெழுத்து வைத்தார். நியூசிலாந்துக்கு மட்டும் அவர் வரவே இல்லை.

"ஒருக்காலும் வராத ஆளுக்கு ஒரு முழுத் தெருவையே குடுத்திருக்கிறாங்கள்," என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் தொப்பி செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மாமா சாப்பாட்டு மேசையை நடுவில் இழுத்துப் போட்டு, என்னை எதிரே இருத்தி, ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக என்னை 'நீங்கள்' என்றார்.

"நீங்கள் எந்த வருசம் மந்திரியானனீங்கள்?"

சொன்னேன். பிறகு மந்திரியின் தோட்டத்தைப் பற்றி ஏதோ கேட்டார். அதிலிருந்து சட்டென்று தாவினார்.

"பதவி போகேக்க உங்கட மகனுக்கு எத்தினை வயசு?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

"அப்ப முதல் சொன்ன வருசம் பிழைக்குதே?"

இது வெறும் பேச்சுத்தானே என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"ஒரு திகதி பிழைச்சாலும் முழுக் கதையும் பொய் எண்டிடுவாங்கள், பிள்ளை," என்றார்.

அழுதேன். எழுந்து வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். திரும்பிப் போய் இருந்துகொண்டு, "சரி, இன்னொருக்கா" என்றார். ஆள் சரியான கல்நெஞ்சுக்காரர் என்று முடிவு கட்டினேன். இப்படியே இரண்டு கிழமை போனது.

பேச்சு நாளன்று, விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போவதற்கென்று வாங்கி வைத்திருந்த தன் கறுப்புக் கோட்டை எனக்குத் தந்தார். அது என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஒட்டுமீசையை அம்மா கண்மையால் கறுப்பாக்கித் தந்திருந்தாள்.

வகுப்பில் யாரும் வருடம் கேட்கவில்லை. உங்களிடம் நாய் இருந்ததா என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு நாய்கள், எந்தெந்த வருடங்களில் என்று நான் விட்டு விளாசினேன். மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியும் எல்லோரும் கைதட்டினார்கள்.

பள்ளிக்கூட வாசலில் மாமா நின்றிருந்தார். எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை.

"நம்பினவையோ?" என்றார்.

"ஓம்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம் மாமா, எல்லாத்தையும்."

கோட்டை வாங்கி, தூசு தட்டி, கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு பாராட்டு இல்லையே என்று எனக்குக் கோபம். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

மேன்முறையீட்டில் மாமா வென்றார். இப்போது இங்கேயே, கிளென் ஈடனில் மாமியோடு இருக்கிறார், பஸ் ஓட்டுகிறார். போன வருடம் பழைய கடதாசிகளை அடுக்கித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த முதல் நிராகரிப்புக் கடிதத்தை அன்றுதான் வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போன திகதியை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே அவர் சொன்ன எதையும் நம்புவதற்கில்லை என்று அதில் எழுதியிருந்தது.

ஒட்டுமீசை வைத்த ஒன்பது வயதுப் பெண்ணை மந்திரி என்று ஒரு வகுப்பே நம்பியது. அதைத்தான் நான் அன்று வாசலில் நின்று, அவரிடம் அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.