அஞ்சு வகுப்பும் அடிவயிற்றுப் பயமும்

ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவருக்குப் பாடம் நடத்த வருகிறதோ இல்லையோ, பயப்பட நன்றாக வந்துவிடும். ஒண்ணாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிப் போட்டுக்கொண்டே அஞ்சாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குச் சொல்லி, நடுவில் மூன்றாம் வகுப்பில் நடக்கும் சண்டையையும் விலக்கியவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்குள் எனக்கு முதல் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு ஊரை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நிற்பீர்களா?

ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்கு நடை. இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல், இடையிடையே வேலிக்கருவை, ஆனி மாதத்துக் காற்று. ஒரு மனிதத் தலை தெரியாது. கட்டின புருஷன் கோவில்பட்டி ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்க, நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தேன். சத்துணவு சமைக்கும் சண்முகத்தாய்தான் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரே அறை. ஓட்டுக் கூரையில் ஒரு கைமரம் விரிசல் விட்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் என் நாற்காலி.

பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்களைக் கூப்பிட சண்முகத்தாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முப்பிடாதி என்கிற பெண் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் செல்வி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். முப்பிடாதி முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“போன வருசம் வந்த டீச்சர் காலாண்டுப் பரீச்சைக்கு முந்தியே மாத்திட்டுப் போயிட்டாவ. அதுக்கு முந்துன சாரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவிய, வரவே இல்ல. இவ ஒண்ணாப்பையே திருப்பித் திருப்பிப் படிக்கா. நீங்க நிப்பியளா, மாட்டியளா? அதச் சொல்லுங்க, பெறகு அனுப்புதேன்.”

ஆள் இல்லாத பள்ளிக்கூடம்

மாதத்துக்கு ஒரு நாள் கோவில்பட்டியில் தலைமை ஆசிரியர் கூட்டம். தலைமையும் நான்தான், ஆசிரியரும் நான்தான் என்பதால் போய்த்தான் ஆக வேண்டும். அன்றைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. ஒரு தடவை அவர் வரவில்லை. அது எனக்குத் தெரிந்தது கூட்டத்தில், அவர் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது.

அதற்குப் பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லாத, மாடு கட்டி இறைத்த ஒரு பழைய கமலைக் கிணறு உண்டு. அது ஒன்றுதான் என் கண் முன்னால் நின்றது. கூட்டம் முடிந்ததும் முடியாததுமாக பஸ் பிடித்து, விலக்கிலிருந்து செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். போனால் கதவு திறந்து கிடக்கிறது. சிலேட்டுகள் கிடக்கின்றன, பைகள் கிடக்கின்றன. ஒரு பிள்ளை இல்லை. சமையல் கூடத்தில் சண்முகத்தாயும் இல்லை. கிணற்று விளிம்பில் போய் எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. விளிம்பிலேயே உட்கார்ந்து அதையே துழாவித் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்முகத்தாய் குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். வகுப்புக்குள் நல்லபாம்பு வந்துவிட்டதாம். பிள்ளைகளை எல்லாம் வரிசையாக அம்மன் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போய், சோற்றையும் அங்கேயே போட்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், ஒருத்தர் குறையவில்லை. ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வந்தபோது, இரண்டாம் வகுப்பில் ஒரு வாண்டு மிகவும் வருத்தமாகச் சொன்னது:

“டீச்சர் வந்தா அடிப்பாவன்னு அதுட்ட சொன்னோம் டீச்சர். அது கேக்கவே இல்ல.”

இன்னொரு டீச்சர்

பாம்பு விஷயத்துக்குப் பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. சரியாகச் சொன்னால், பயம் முற்றித் துணிச்சல் மாதிரி ஆகிவிட்டது. கல்வி அலுவலகத்துக்கே போய், “சார், இன்னொரு ஆளாவது போடுங்க, என்னால தனியா முடியல” என்று கேட்டேன். வயதான அதிகாரி. கெட்டவர் இல்லை. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் ரிஜிஸ்டரைப் புரட்டினார். பிறகு என்னைவிடப் பாவமான முகத்தோடு சொன்னார்:

“உங்க ஸ்கூலுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்கம்மா. இன்னொருத்தர் யாருன்னுதான் எனக்கும் தெரியல.”

வேன்காரரின் அக்கறை

அடுத்த ஆண்டு மழை ஏமாற்றியது. கம்பு கருகியது, பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் பேர்; அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது அப்போதுதான். விடிந்தும் விடியாமலும் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள்தான் தோது என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். என் வகுப்பில் பிள்ளைகள் குறைந்து, உட்காருகிற பாய் தெரிய ஆரம்பித்தது. முதலில் அஞ்சாம் வகுப்புப் பெண்கள் போனார்கள், பிறகு நாலாம் வகுப்பு. ஒரு நாள் செல்வியையும் காணவில்லை. அதற்குள் அவள் இரண்டாம் வகுப்புக்கு வந்து, சின்னக் கதை என்றால் எழுத்துக்கூட்டித் தானாகவே வாசிப்பாள்.

ஒரு நாள் முதல் பஸ்ஸுக்கே வந்து வேனை மறித்து நின்றேன். வேனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. நான் பேசியதை எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். சின்னப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது, கலெக்டருக்கு எழுதுவேன் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். சிரித்தார். என் தங்கச்சி வயசு உங்களுக்கு என்றார். வேனில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும் முன்னால் தலையை வெளியே நீட்டி, அக்கறையாகவே சொன்னார்:

“தெனமும் விலக்குல எறங்கி ஒத்தையில நடந்து வாரிய. காட்டுப் பாதை பாருங்க, பூச்சி பொட்டு கெடக்கும். பாத்து வாங்க டீச்சர்.”

புகை

அன்றிலிருந்து சண்முகத்தாய் விலக்கு வரை வந்து என்னைக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். கையில் காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒன்று வைத்துக்கொள்வாள். அதை வைத்து யாரை அடிக்க முடியும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெற்கே ‘டம்’மென்று ஒரு சத்தம். ஓடுகள் அதிர்ந்து மண் உதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால், காட்டுக்கு அந்தப் பக்கம் கரும்புகை நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் திசையில் வேறு எதுவும் கிடையாது, தீப்பெட்டி ஆபீஸ்தான். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அலறல். பொம்பளைகள் தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் காட்டுக்குள் இறங்கி ஓடினார்கள்.

முப்பிடாதி மட்டும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். வாசலைப் பிடித்துக்கொண்டு, “செல்வி இங்கன இருக்காளா டீச்சர்?” என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். “காலையில வேன்ல ஏத்திவிட்டது நாந்தான். இருந்தாலும் எறங்கி இங்கன ஓடிவந்திருப்பாளோன்னு…” என்றவள், கதவுக்குப் பின்னாலும் என் நாற்காலிக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு, அப்படியே புகையைப் பார்த்து ஓடினாள்.

எனக்கும் அவள் பின்னால் ஓட வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் இத்தனை பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அக்கா வேனில் போன பிள்ளைகள், அண்ணன் வேனில் போன பிள்ளைகள், எல்லாம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறார்கள். வேறொன்றும் தோன்றாமல் கதவைச் சாத்தி உட்காரவைத்து, இரண்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னார்கள். முடிந்ததும் மூன்றாம் வாய்ப்பாடு. வெளியே கேட்கிற சத்தம் உள்ளே வராமல் இருந்தால் போதும் என்று நானும் தொண்டை கிழியக் கூடவே கத்தினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் டிராக்டரில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தீ பிடித்தது தீக்குச்சி மருந்து கலக்குகிற அறையில். பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒருத்தி பிழைக்கவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் கட்டை அடுக்கும் கொட்டகையிலிருந்து வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்திருந்தார்கள். செல்வியின் இரண்டு பாதத்திலும் கருவை முள். அவள் அழவில்லை. சண்முகத்தாய் ஊக்கை வைத்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தபோதுகூட என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் போவதற்கு முன்பே முப்பிடாதி வாசலில் நின்றாள். செல்வியை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். பாதம் கீழே படக்கூடாது என்று.

“இவளுக்குப் படிப்பு ஏறாட்டாலும் பரவாயில்ல டீச்சர். சாயங்காலம் வரைக்கும் உள்ள வச்சுப் பூட்டிருங்க.”

ஐப்பசிச் சகதி

அடுத்த வருஷம் எனக்கு வயிற்றில் பிள்ளை. நாலைந்து மாதம்வரை ஒன்றும் தெரியவில்லை, பிறகு விலக்கிலிருந்து அந்த நடையை நடக்க முடியவில்லை. லீவு எழுதிக் கொடுத்தேன். ‘மாற்று ஆள் வந்ததும் போகலாம்’ என்றார்கள். மாற்று ஆள் வரவில்லை. நான் போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டும். பிள்ளைகள் குறைந்துவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று வேறு ஒரு பேச்சு. பூட்டிய மறுநாளே வேன் ஹாரன் கேட்கும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் தினமும் சண்டை. அவர்கள் கத்துவதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த ஐப்பசியில் மழை மூன்று நாளாக விடவில்லை. பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஒரு வலி வெட்டியது. நாள் இன்னும் இருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே சண்முகத்தாய்க்குப் புரிந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் பெருமாள்சாமி அண்ணாச்சி டிராக்டரை எடுத்து வந்தார். பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற்றினார்கள். கரிசல் சகதி உங்களுக்குத் தெரியும், ஒட்டினால் விடாது. பாதி வழியில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. முப்பிடாதியும் இன்னும் பத்துப் பெண்களும் முழங்கால் சேற்றில் நின்று தள்ளுகிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பிள்ளை இந்தக் காட்டுக்குள்ளேயே பிறந்து, பிறந்த இடத்திலேயே போய்விடுமோ என்று, இத்தனை வருஷத்தில் பட்ட பயத்தை எல்லாம் சேர்த்து வைத்துப் பயந்தேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் பிள்ளை. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள், ஆனாலும் ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி அழுதாள். மறுநாள் மத்தியானம் சண்முகத்தாய் சேலையில் சகதியோடு வந்து நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள், “பள்ளிக்கூடம் பூட்டியாச்சா?” என்று கேட்டேன்.

“நான் தெறந்து உக்கார வச்சு, சோத்தப் போட்டுட்டு, முப்பிடாதியக் காவலுக்கு வச்சிட்டுத்தான் வாரேன். ஒருத்தி வேன்ல ஏறல” என்றாள். பிறகு குனிந்து என் மகளை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

“ஒண்ணாப்புல ஆளு கொறையுதுல்லா டீச்சர், இவ பேர இப்பமே எழுதிருவமா?”

ஆசிரியர் பற்றாக்குறை என்று பேப்பர்களில் எழுதுகிறார்களே, எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குத்தான் பற்றாக்குறை, பயத்துக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.