தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருந்த காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. போடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. ஆங்கில வாத்தியார் நடந்து வந்தால் ஊரே ஒதுங்கி வழிவிடும். தமிழய்யா வந்தால் 'ஓரமாப் போங்கய்யா, லோடு வண்டி வருது' என்பார்கள். அந்த ஆத்திரத்தையெல்லாம் பிள்ளைகள் தலையில்தான் கொட்டித் தீர்த்தேன். என்னிடம் குட்டு வாங்காமல் தமிழ் படித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாலாம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு, என் பொறுப்பில் இருந்தது. முன்வரிசையில் ஏலக்காய் வியாபாரிகளின் பிள்ளைகள். உரையை ஒருமுறை சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னால் மறுநாள் ஒரு புள்ளி பிசகாமல் ஒப்பிப்பார்கள். நடுவில் சிலமலைப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பையன்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை வந்துவிட்டால் பள்ளிக்கு வரமாட்டார்கள், வந்தாலும் தூங்குவார்கள். கடைசி வரிசையில் மலைப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். எஸ்டேட்டில் வளர்ந்து, படிப்புக்காகக் கீழே உறவுக்காரர் வீட்டில் வந்து தங்கியவர்கள். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். இத்தனை பேருக்கும் ஒரே செய்யுள், ஒரே உரை, ஒரே பரீட்சை. பந்தியில் பல் முளைக்காத பிள்ளைக்கும் பல் போன கிழவனுக்கும் ஒரே முறுக்கை வைத்தேன். கடிக்க முடியாதவரைத் திட்டவும் செய்தேன்.

வகுப்பில் பெண்பிள்ளைகள் நான்கே பேர். மூன்று பேர் போடிக்காரர்கள். நாலாவது பெண்ணின் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தார். இவள் சிலமலையில் அத்தை வீட்டில் தங்கி, பஸ் கிடைத்தால் பஸ்ஸிலும் கிடைக்காவிட்டால் நடந்தும் வருவாள். அரைப்பரீட்சையில் தமிழில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினாள்.

பதினெட்டைக் கேள்விப்பட்டதும் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். தோளில் கம்பளி, காலில் அட்டை கடித்த தழும்பு. வகுப்பு வாசலிலேயே நின்று பேசினார்.

"கணக்குல கோட்ட விட்டா சரிங்கய்யா. இங்கிலீசுல விட்டாலும் சரி. தமிழ்லயுமா? இவளுக்குப் படிப்பு ஏறலைங்க. மேல அவ ஆத்தாளுக்குக் கூடமாட ஒரு ஆளு வேணும். பேர வெட்டிக் குடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

தமிழை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துவிட்டாரே என்றுதான் எனக்கு முதலில் சுருக்கென்றது. அந்தப் பெண்ணைப் பற்றிய கவலை அப்புறம்தான் வந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏறலைன்னு நீங்க எப்படிங்க சொல்லலாம்? வாத்தியார் நானா நீங்களா?" என்று கத்தினேன். "தை மாசம் இன்ஸ்பெக்டர் வர்றார். அவர் முன்னால உங்க மக எழுந்து நின்னு ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லுவா. சொல்லலைன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க, நான் குறுக்க நிக்கல. சொன்னா, பதினோராவது, கடைசி வகுப்பு முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்கய்யா. வாக்கு வாக்குத்தான்" என்று சொல்லிவிட்டு எஸ்டேட் ஜீப்புக்கு நேரமாச்சு என்று வெரசாகப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு வியர்த்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை பேசியதற்கு ஒரு பெண்பிள்ளையின் படிப்பை அல்லவா பணயம் வைத்தாகிவிட்டது!

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் அரைமணி நேரம் அவளை உட்கார வைத்தேன். துணைக்கு மற்ற மூன்று பெண்களும் இருப்பார்கள். பாடம், மலைநாட்டுப் பழம்பாட்டு ஒன்று. நான் சொல்லி எழுதவைத்த உரை, 'தலைவனின் இரவு வருகையால் தலைவிக்கு நேரும் அச்சத்தைத் தோழி வாயிலாகப் புலப்படுத்துகிறது இச்செய்யுள்' என்று தொடங்கும். அவள் 'தலைவனின் இரவு வருகையால்' வரை வருவாள். அங்கேயே நின்றுவிடுவாள். ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று நான் கத்தாத நாளில்லை. அவள் அழவும் மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, மறுபடியும் 'தலைவனின் இரவு வருகையால்' என்று முதலிலிருந்து தொடங்குவாள்.

பத்தாம் நாள் எனக்கே அலுத்துப்போனது. "அந்த நோட்டை மூடு. உரையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். இந்தப் பாட்டுல யாரு, யாருகிட்ட, என்ன சொல்றா? உன் வாயால சொல்லு" என்றேன்.

நோட்டை மூடி ஓரமாக வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"மழ பேயுதுய்யா. தடம் வழுக்கும். ஆன நிக்கிற எடம். அந்தாளு இவளப் பாக்க ராவுல அந்தத் தடத்துலதான் வர்றாரு. வராதீகன்னு சொல்லவும் இவளுக்கு மனசில்ல, வாங்கன்னு சொல்லவும் மனசில்ல. அதான் சிநேகிதிகிட்டச் சொல்லி அழுகுறா. எங்காத்தாவும் அப்பிடித்தான்யா. அப்பன் சந்தைக்குப் போயிட்டு வர நேரமாச்சுன்னா, இந்த மழையில எதுக்கு வர்றாக, கீழயே படுத்துக்கிற வேண்டியதுதானன்னு வைவா. ஆனா வாசல விட்டு நகர மாட்டா."

மற்ற மூன்று பெண்களும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டைப் பல வருடமாக நடத்திக்கொண்டிருந்தேன். அச்சம் என்று எழுதவைத்தேனே தவிர, வரவேண்டாம் என்கிறவளே வாசலில் நிற்கிறாள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. மலையைப் பள்ளி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, ஒருநாள்கூட ஏறியதில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதன் பிறகு பாடம் தண்ணீர்பட்ட பாடாக ஓடியது. எந்தச் செய்யுளைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பாள், தன் பேச்சில் பொருள் சொல்லுவாள். ஆனால் அந்தப் பேச்சைத்தான் என்னால் திருத்த முடியவில்லை. "பொருளெல்லாம் சரி. இன்ஸ்பெக்டர் முன்னால 'எங்காத்தா எங்கப்பன்' எல்லாம் வேண்டாம், என்ன?" என்பேன். "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே ஆத்தாளைக் கொண்டுவந்து நிறுத்துவாள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு நாங்கள் செய்கிற ஒரு தில்லுமுல்லை இங்கே சொல்லியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர் இடது கையை. பார்க்கிறவருக்கு எல்லாம் கைதான். எழுப்ப வேண்டிய ஆள் யாரென்று வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். இதை முதலில் யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, நானும் வெட்கமில்லாமல் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். பாதிப் பையன்களுக்குச் செய்யுளைவிட இது நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் ஒரு நோட்டு. என் வகுப்பில் நுழைவதற்கு முன்பே வராந்தாவில் நின்று தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேசுவது தமிழா என்றே சந்தேகமாயிருக்கிறது. தமிழாசிரியர்கள் என்னதான் செய்கிறார்கள்?" அது என் காதில் விழுந்தது. விழாமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த மலைப்பாட்டைத்தான் நடத்திக் காட்டினேன். முடித்ததும் அவர் பிள்ளைகளைப் பார்த்து, "இதன் பொருளை யார் சொல்வீர்கள்?" என்றார். வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. "நீங்களே ஒருவரை எழுப்புங்கள்" என்று என்னிடம் சொன்னார்.

அவள் வலது கையைத் தூக்கியிருந்தாள். முழங்கை மடங்காமல் நேராக. அந்த வருடத்தில் அவள் வலது கையைத் தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணை என் மேலேயே வைத்திருந்தாள்.

நான் முன்வரிசை வியாபாரி மகனைக் கூப்பிட்டேன்.

அவன் 'தலைவனின் இரவு வருகையால்' என்று தொடங்கி மூச்சு விடாமல் கொட்டி முடித்தான். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார், நோட்டில் ஏதோ எழுதினார், போய்விட்டார். தலைமையாசிரியர் என் முதுகில் தட்டினார். அவள் கையை இறக்கியதை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

கை மாறித் தூக்கியிருப்பாளோ என்று சந்தேகப்பட்டேன் என எனக்கு நானே இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன். பொய். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். 'ஆன', 'எங்காத்தா' என்று அவள் வாயைத் திறந்தால் என் மானம் போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. "அவுக அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாகய்யா" என்றாள் பக்கத்தில் உட்காருகிற பெண். எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. பழக்கதோஷம், முதலில் அந்த அப்பாமேல்தான் கோபப்பட்டேன். வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம் அந்த மனிதருக்கு?

சனிக்கிழமை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் ஏறினேன். எட்டுப் பேர் உட்காருகிற இடத்தில் பதினாறு பேர். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். "அய்யாவுக்கு மல புதுசு போல" என்று ஒரு பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். மலைப்பாட்டு நடத்துகிறவன் நான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஸ்டோருக்கு முன்னால் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு அவளும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அய்யா! எதுக்கு இம்புட்டுத் தூரம்? ஏ ஆத்தா, அய்யாவுக்குக் கட்டன்சாயா கொண்டா!" என்றார் மகளிடம்.

"சாயா கிடக்கட்டும். ஏங்க இப்படிப் பண்ணினீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க சொன்னதுதானய்யா? இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போன அன்னைக்குக் காய் லோடோட கீழ வந்தேன். என்ன ஆத்தா ஆச்சுன்னு கேட்டேன். அவளே சொல்லிட்டா. அய்யா ஏம் பேரச் சொல்லித்தாம்ப்பா எழுப்புனாக, நாந்தான் வாயடைச்சுப்போயி நின்னுட்டேன், அய்யா மேல ஒரு குத்தமும் இல்லன்னு. அப்புறம் நான் என்ன செய்ய? வாக்கு வாக்குத்தானய்யா."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கொண்டுவந்த பாலில்லாத தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"பொய் சொல்றா" என்றேன். "அவ வலது கையைத் தூக்கினா. எனக்குத் தெரியும்னு தூக்கினா. நான்தான் கூப்பிடலை. அவ பேச்சைக் கேட்டு அந்த இன்ஸ்பெக்டர் என்னைக் கேவலமா நினைப்பாரேன்னு கூப்பிடலை." பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன். அவர் மகளைப் பார்த்து, "அந்தப் பாட்ட இப்பச் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். மழை, தடம், ஆனை, வாசலில் நிற்கிற பெண். ஆத்தாளையும் விடவில்லை. காய் பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி, "அட, நம்ம வீட்டுக் கதைல்ல!" என்றாள். அந்த ஆத்தாதான் அது என்று பிறகு தெரிந்தது.

அப்பா மகள் கையிலிருந்த டம்ளரை வாங்கி என்னிடம் நீட்டினார். "சாயங்காலம் ஜீப்பு எறங்கும்யா. நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார். "பதினோராவது முடியட்டும். நான் வாயத் தொறக்கல."

கீழே இறங்கும்போது ஜீப்பின் பின்பக்கம் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், மடியில் துணிமூட்டை. இரண்டு மூன்று வளைவு வரை நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஏம்மா அப்பாகிட்ட அப்படிச் சொன்ன? அய்யா கூப்பிடலைன்னு சொல்லியிருந்தா உன் படிப்பு நின்னிருக்காதே."

"அன்னைக்கு வாசல்ல வச்சு அப்பாகிட்ட எனக்காகச் சண்ட போட்டீகள்லய்யா" என்றாள். "அதுக்கு முன்ன எனக்காக யாரும் அப்பிடிப் பேசுனதில்ல. ஒங்களப் போயி எப்பிடிக் காட்டிக் குடுக்க?"

அன்று நான் சண்டை போட்டது அவளுக்காக இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கீழே போடி வந்து சேரும்வரை நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.